வாந்தி எடுக்கும் கேப்டன்!

கடல் சாகசக் கதை ஹீரோ என்றதும் உங்கள் மனசில் யார் வருகிறார்? காற்றில் பறக்கும் முடி, இடுப்பில் வாள், புயலடித்தாலும் சிரிக்கிற முகம்... அப்படி ஒரு ஆசாமிதானே? சரி, அவரை ஒரு ஓரமாக உட்கார வையுங்கள்.

நான் அறிமுகப்படுத்தப்போகும் ஹீரோவுக்குக் கப்பலில் கால் வைத்தாலே குமட்டும். அதுவும் நடுக்கடலில் இல்லை. நங்கூரம் போட்டு சும்மா நிற்கிற கப்பலில்! பாய்மரத்தில் ஏறச் சொன்னால் தலை சுற்றும். இசை என்றால் அவர் காதுக்கு வெறும் இரைச்சல். யாராவது பாராட்டினால், 'கிண்டல் பண்றானோ?' என்று சந்தேகம் வரும். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் உள்ளுக்குள் உதறல். சண்டை முடிந்து ஜெயித்த பிறகும், 'நான் ஒரு கோழை, இது யாருக்கும் தெரியலை, அவ்வளவுதான்' என்று தனக்குத்தானே மார்க் போட்டு ஃபெயிலாக்கிக் கொள்கிற ஆள்.

பெயர் ஹொரேஷியோ ஹார்ன்ப்ளோயர். நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில் சின்னப் பையனாகச் சேர்ந்து அட்மிரல் வரை போனவர். பதினோரு புத்தகங்கள். கடைசிப் புத்தகம் மட்டும் பாதியில் நிற்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இவரை உருவாக்கிய சி.எஸ். ஃபாரஸ்டர், ஆபீஸ் வேலையாகக் கடற்படையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவருக்கு முன்னால் கடல் கதை எழுதிப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் மாரியட் நிஜக் கேப்டன். பீரங்கிப் புகையை மூக்கால் உறிஞ்சியவர். நம்ம ஆள் அப்படி இல்லை. ஃபாரஸ்டர் என்பதுகூட நிஜப் பெயர் இல்லை. செசில் லூயிஸ் ட்ரௌட்டன் ஸ்மித் என்று 1899ல் எகிப்தின் கெய்ரோவில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, அங்கே கைஸ் ஹாஸ்பிட்டலில் டாக்டருக்குப் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். 'நான் எழுத்தாளன் ஆகப்போறேன்' என்பதுதான் காரணம்.

உடனே காலேஜ் ஐ.டி. கார்டைக் கழற்றி வீசக் கிளம்பிவிடாதீர்கள் பாஸ்! அடுத்து நடந்ததையும் கேளுங்கள். 1924ல் முதல் நாவல் வந்தது. 1926ல் 'பேமென்ட் டெஃபர்ட்' என்ற கொலைக்கதைதான் 'யாரிந்த ஆள்?' என்று திரும்பிப் பார்க்க வைத்தது. நடுவிலும் அதற்குப் பிறகும் நெப்போலியன், ஜோசஃபின், பதினான்காம் லூயி, நெல்சன் என்று வரிசையாக வாழ்க்கை வரலாறுகள். அடுப்பு எரிய வேண்டுமே! ஒரு சின்னப் படகில் மனைவியோடு பிரான்ஸ் நாட்டு ஆறுகளில் சுற்றி, அதையும் ஒரு புத்தகம் ஆக்கினார். 1935ல் 'தி ஆஃப்ரிக்கன் குயின்'. பின்னாளில் ஜான் ஹூஸ்டன் அதைப் படமாக எடுத்து, ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு அவர் வாழ்க்கையின் ஒரே ஆஸ்கர் கிடைத்தது அந்தக் கதையால்தான். ஆனால் அந்த நாவல் வந்தபோது ஹார்ன்ப்ளோயர் என்று ஒருத்தர் இன்னும் பிறக்கவே இல்லை. முதல் நாவலுக்கும் ஹார்ன்ப்ளோயருக்கும் நடுவே பதிமூன்று வருஷம்!

அந்தப் பிறப்புக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

'நேவல் க்ரானிக்கிள்' என்று ஒரு பழைய பத்திரிகை. 1799 முதல் 1818 வரை வந்தது. கடற்படை அதிகாரிகள் தங்களுக்காக எழுதி, தாங்களே படித்துக்கொண்டது. எந்தக் கப்பல் எங்கே மோதியது, எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்கிற மாதிரி சமாச்சாரங்கள். அதில் மூன்று தொகுதிகளை ஃபாரஸ்டர் பழைய புத்தகமாக வாங்கிப் போட்டிருந்தார். படிக்கப் படிக்க ஒரு விஷயம் அவர் மண்டையில் ஊசியாகக் குத்தியது.

1812ல் ஆரம்பித்த பிரிட்டன் - அமெரிக்கா போரை முடித்து வைத்தது கெண்ட் ஒப்பந்தம். 1814 டிசம்பர் 24ல் கையெழுத்து. அதில் ஒரு வேடிக்கையான ஷரத்து உண்டு. ஒப்பந்தம் உறுதியான பிறகும் கடலில் கப்பல்களைப் பிடித்தால் அது செல்லுமா, செல்லாதா? அதற்கு இடத்துக்கு இடம் வேறு வேறு தேதி! அமெரிக்கக் கரையோரம் என்றால் 12 நாள் கழித்துச் செல்லாது. அட்லாண்டிக்கின் வேறு பகுதி என்றால் 30 நாள், தெற்கே போனால் 60 நாள். உலகத்தின் அந்தக் கோடி என்றால் 120 நாள். அதாவது லண்டனில் சமாதானம். ஆனால் பசிபிக்கில் நாலு மாசத்துக்கு இன்னும் சட்டப்படி சண்டை! அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி இரண்டு வாரம் கழித்து, 1815 ஜனவரி 8ல், நியூ ஆர்லியன்ஸில் பெரிய யுத்தமே நடந்தது. சேதி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாம் அனுப்பிய மெசேஜுக்கு ப்ளூ டிக் விழுந்து, பத்து நிமிஷம் பதில் வரவில்லை என்றாலே நமக்குக் கை நடுங்குகிறது. 1808ல் ஒரு கேப்டன் சீல் வைத்த கவரில் உத்தரவை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். ஏழு மாசம் கரையே பார்க்காமல் போகிறார். 'அந்தப் பக்கம் ஸ்பெயின் நம்ம எதிரி. அவர்களை எதிர்த்துக் கிளம்பியிருக்கும் கலகக்காரனுக்கு உதவி செய்' என்பது உத்தரவு. அந்த உத்தரவு எழுதிய நாளில் சரி. அவர் போய்ச் சேர்கிற நாளில்?

இதுதான் 1937ல் வந்த முதல் ஹார்ன்ப்ளோயர் நாவல் 'தி ஹேப்பி ரிட்டர்ன்'. 36 பீரங்கிகள் கொண்ட 'லிடியா' என்ற கப்பலில் ஹார்ன்ப்ளோயர் மத்திய அமெரிக்கக் கரைக்குப் போகிறார். உத்தரவுப்படி, 50 பீரங்கிகள் கொண்ட ஸ்பானியப் போர்க்கப்பல் 'நாட்டிவிடாட்'டை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடிக்கிறார். பிடித்து, அந்தக் கலகக்காரனிடம் ஒப்படைக்கிறார். அவனோ தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்கிற பைத்தியம். எல்லாம் கச்சிதமாக முடிந்த பிறகு வருகிறது செய்தி: ஐரோப்பாவில் காற்று மாறிவிட்டது. ஸ்பெயின் இப்போது நண்பன்! அப்படியென்றால் அந்தப் பைத்தியம்தான் எதிரி. தன் கையால் பிடித்துக் கொடுத்த, தன் கப்பலைவிடப் பெரிய கப்பலோடு அவரே திரும்பப் போய் மோதியாக வேண்டும்.

இதில் யாரைக் குறை சொல்வீர்கள்? உத்தரவு போட்டவர்கள் மேலும் தப்பில்லை; கேட்டவர் மேலும் தப்பில்லை. ஆனால் செத்துப்போகிற மாலுமி நிஜமாகவே செத்துப்போகிறான். போன் பண்ணிக் கேட்க மேலதிகாரி இல்லை. கலந்து பேச சமமான ஆள் கப்பலில் இல்லை. கேப்டன் தனியாகத்தான் சாப்பிட வேண்டும், தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தத் 'தனி ஆள்' சமாச்சாரத்தைத்தான் ஃபாரஸ்டர் வாழ்நாள் முழுக்க எழுதினார். பாய்மரமும் பீரங்கியும் அதற்கு மேடை.

ஹாலிவுட்டில் சினிமாவுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர் அந்த வேலையை விட்டுவிட்டு, சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறி, மத்திய அமெரிக்கக் கரையோரமாக மெதுவாக ஊர்ந்து இங்கிலாந்து திரும்பினார். அந்தப் பயணத்தில்தான் இந்தக் கேப்டன் அவர் மனசில் உருவானார். கதை எப்படி வருகிறது என்பதற்கு ஃபாரஸ்டர் சொன்ன விளக்கம் அழகு: ஒரு கட்டையைக் கடலில் போட்டால் அது ஊறி அடியில் போய்விடும், கவனிக்காமல் விட்டுவிட்டால் அதன்மேல் சிப்பியும் பாசியும் தானாக ஒட்டிக்கொண்டு வளரும். எப்போதாவது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட வேண்டியதுதான். 1964ல் வந்த 'தி ஹார்ன்ப்ளோயர் கம்பேனியன்' புத்தகத்தில் இதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் தேடிப்பிடித்துப் படிக்கலாம்.

இன்னொரு சின்னத் தகவல். முதல் நாவலில் ஹார்ன்ப்ளோயருக்கு வயது 37. அது வெளிவந்தபோது ஃபாரஸ்டருக்கும் 37!

எனக்கு இந்த ஆள் அறிமுகமானது காலேஜ் மூன்றாம் வருஷத்தில். பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் என்று வாரா வாரம் ஒரு டை கட்டிய சார் வருவார். 'கான்ஃபிடன்ஸ்! கான்ஃபிடன்ஸ் இருந்தா எல்லாம் வரும்!' என்று மைக்கில் முழங்குவார். குரூப் டிஸ்கஷன் என்றாலே எனக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிறு சரியில்லாமல் போகும். கான்ஃபிடன்ஸ் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று மட்டும் அந்த சார் சொன்னதே இல்லை. லைப்ரரியில் யாரும் தொடாத இங்கிலீஷ் நாவல் அலமாரியில், ஹார்ன்ப்ளோயரின் சின்ன வயசுக் கதையான 'மிஸ்டர் மிட்ஷிப்மேன் ஹார்ன்ப்ளோயர்' கிடைத்தது. அட்டை கிழிந்த காப்பி. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் நடுப்பக்கத்தில் பஸ் டிக்கெட்டை வைத்து மறந்திருந்தார்.

அதில் முதல் கதையே ராகிங் கதைதான்! பதினேழு வயசு ஹார்ன்ப்ளோயர் கப்பலில் சேர்கிறான். அங்கே சிம்ப்சன் என்று ஒரு சீனியர். லெஃப்டினென்ட் பரீட்சையில் தேறாமல் அரியர் வைத்திருக்கிற ஆசாமி. அந்தக் கடுப்பை எல்லாம் ஜூனியர்கள் மேல் இறக்குகிறான். செத்துப்போய்விடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் பையன் நொந்துபோகிறான். கடைசியில் ஒரு வாய்ப்பு கிடைத்ததும் துப்பாக்கிச் சண்டைக்குச் சவால் விடுகிறான். சிம்ப்சன் குறி தப்பாமல் சுடுகிறவன். பையனுக்கோ அனுபவம் கிடையாது. ஆனால் பையனுக்குக் கணக்கு நன்றாக வரும்! அவன் ஒரு நிபந்தனை போடுகிறான்: இரண்டு துப்பாக்கியில் ஒன்றில் மட்டும்தான் குண்டு. எதில் என்று இருவருக்கும் தெரியாது. ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட வேண்டும். திறமைக்கு அங்கே வேலையே இல்லை. சாவதற்கும் பிழைப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. தோற்பது நிச்சயம் என்கிற ஆட்டத்தை, ப்ராபபிலிட்டியால் ஐம்பது சதவீதத்துக்குக் கொண்டுவருகிறான்.

என்ன ஆனது என்று சொல்ல மாட்டேன். நான் கவனித்தது வேறு. அந்தப் பையனிடம் கான்ஃபிடன்ஸ் என்று ஒரு சொட்டுகூட இல்லை. காலையில் கை நடுங்குகிறது. ஆனால் நடுங்குகிற கையோடுதான் போகிறான். பிறகு வருகிற பத்துப் புத்தகங்களிலும் இதே கதைதான். அவர் கேப்டன் ஆன பிறகும் பயம் போகவே இல்லை. தான் வளவளவென்று பேசி மானத்தை வாங்கிக்கொள்வோமோ என்று பயந்து, யார் என்ன சொன்னாலும் தொண்டையைச் செருமுவதோடு நிறுத்திக்கொள்கிறார். பார்க்கிற மாலுமிகளுக்கோ, 'நம்ம கேப்டன் எவ்வளவு அழுத்தமான மனுஷன்!' என்று பிரமிப்பு. பயம் போனால்தான் வேலை செய்ய முடியும் என்று டை கட்டிய சார் சொன்னார். பயம் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார் என்றார் ஹார்ன்ப்ளோயர். எனக்கு இரண்டாவது ஆள்தான் வேலைக்கு ஆனார். ஜி.டி.க்கு முன்னால் வயிறு கலங்குவது இன்றுவரை நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது அதற்குப் பெயர் 'க்ளையன்ட் மீட்டிங்'.

இந்தப் புத்தகங்கள் பெரிய பெரிய ஆட்களையும் ஆட்டிப்படைத்தன. 1941 ஆகஸ்ட். இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்க வின்ஸ்டன் சர்ச்சில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடக்கிறார். வழியில் படிக்க ஒரு ஹார்ன்ப்ளோயர் புத்தகம். அதைக் கொடுத்தவர் கெய்ரோவில் அமைச்சராக இருந்த ஆலிவர் லிட்டில்டன். 'ஹார்ன்ப்ளோயர் பிரமாதம்' என்ற அர்த்தத்தில் சர்ச்சில் அவருக்கு ஒரு தந்தி தட்டிவிட்டார். மத்திய கிழக்குத் தலைமையகத்தில் ஒரே குழப்பம்! 'ஹார்ன்ப்ளோயர்' என்பது தங்களுக்குச் சொல்லப்படாத ஏதோ ரகசியத் தாக்குதலின் சங்கேதப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள் அதிகாரிகள். இதைச் சர்ச்சிலே பிறகு எழுதிவைத்திருக்கிறார். செய்தி தப்பாகப் போய்ச் சேர்வதைப் பற்றியே எழுதிய ஆளின் பெயரில், அவர் பிறந்த ஊரிலேயே, இப்படி ஒரு கூத்து!

போர்க்காலத்தில் ஃபாரஸ்டர் அமெரிக்காவுக்குப் போய், பிரிட்டனுக்கு ஆதரவு திரட்டுகிற கட்டுரைகளும் கதைகளும் எழுதினார். 1942ல் வாஷிங்டனில் ஒரு இளம் விமானப்படை அதிகாரியைப் பேட்டி எடுக்கப் போனார். சாப்பிட்டுக்கொண்டே குறிப்பெடுக்க முடியவில்லை. 'விடுங்க சார், நானே எழுதிக் கொடுத்துடறேன்' என்றார் அந்த இளைஞர். எழுதியும் கொடுத்தார். அதை ஃபாரஸ்டர் தன் கட்டுரைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. அப்படியே பத்திரிகைக்கு அனுப்பி வெளியிட வைத்தார். அந்த இளைஞர் பெயர் ரோல்ட் டால். ஆமாம், 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' எழுதினாரே, அவரேதான்.

அப்புறம் உடம்பு காலை வாரியது. ரத்தக் குழாய்கள் இறுகுகிற நோய். நடமாட்டம் குறைந்தது. ஆயுள் இனி அவ்வளவுதான் என்று நினைத்தார் ஃபாரஸ்டர். 1945ல் வந்த 'தி கமடோர்' நாவலில் ஹார்ன்ப்ளோயரும் கடும் ஜுரத்தில் விழுகிறார். ஆனால் எழுத்தாளரும் பிழைத்தார், கேப்டனும் பிழைத்தார். 1946ல் ஹார்ன்ப்ளோயரைப் பிரபு ஆக்கியாயிற்று. மேலே போக இடமில்லை. என்ன செய்தார் தெரியுமா? பின்பக்கமாகப் போனார்! 1950ல் திடீரென்று பதினேழு வயசுக் கதை. 1952ல் லெஃப்டினென்ட் ஆன கதை. அதில் அமைதிக் காலத்தில் வேலையில்லாமல், சீட்டாடி ஜெயித்த காசில் வயிற்றைக் கழுவுகிற ஹார்ன்ப்ளோயர் வருகிறார். வேலை தேடிக்கொண்டிருக்கும் யாருக்கும் அந்த அத்தியாயம் தொண்டையை அடைக்கும். இன்றைக்குச் சினிமாக்காரர்கள் 'ப்ரீக்வெல்' என்று கொட்டி முழக்குகிறார்களே, அந்த வேலையை ஃபாரஸ்டர் அப்போதே செய்துவிட்டார். இதில் ஒரு சிக்கல் வந்தது. சின்னப் பையன் கதைக்காக 1776 ஜூலை 4ல் பிறந்ததாக எழுதிவிட்டார். அப்படியென்றால் 1808ல் 37 வயசு எப்படி வரும்? ஐந்து வருஷம் காணோம்! ரசிகர்கள் இன்னும் இதை வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று அளக்க மாட்டேன். ஐரோப்பியர் அல்லாதவர்கள் இந்தக் கதைகளில் பெரும்பாலும் பைத்தியமாகவோ வேலையாளாகவோதான் வருவார்கள். 1953ல் வந்த 'ஹார்ன்ப்ளோயர் அண்ட் தி அட்ரோபோஸ்' நாவலில் துருக்கிக் கரையில் மூழ்கிய கப்பலிலிருந்து தங்கம் எடுக்க வேண்டும். ஹார்ன்ப்ளோயரால் முடியாது. அதற்கு வரவழைக்கப்படுகிறவர்கள் இலங்கை முத்துக்குளிப்பவர்கள்! மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைக்கிறவர்கள் அவர்கள். ஆனால் கதை அவர்கள் மனசுக்குள் ஒரு தடவைகூட இறங்குவதில்லை. அட, பயத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிற மனுஷர் அந்த முதல் முழுக்குக்கு முன்னால் அவர்களுக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று எழுதியிருந்தால், அந்தத் தொடரிலேயே உச்சமான பக்கமாக அது இருந்திருக்கும் என்பது என் கட்சி.

வீட்டு நிலவரமும் அப்படியே. ஃபாரஸ்டரின் மகன் ஜான் பின்னாளில் அப்பாவைப் பற்றி இரண்டு பாகத்தில் எழுதினார். அப்பா இறந்த பிறகுதான் தனக்குத் தெரியவந்த சங்கதிகள் அதில் நிறைய. கப்பல் கேப்டனின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று லட்சக்கணக்கான பேருக்குச் சொன்னவர், தன் மனசில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் சொல்லவில்லை.

1966 ஏப்ரல் 2ல் கலிஃபோர்னியாவில் ஃபாரஸ்டர் இறந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த ஹார்ன்ப்ளோயர் நாவல் அப்படியே நின்றது. அடுத்த வருஷம் 'ஹார்ன்ப்ளோயர் அண்ட் தி க்ரைசிஸ்' என்று முடியாத கதையாகவே அச்சிட்டார்கள். அவர் இறந்து ஐந்து மாசத்தில், 1966 செப்டம்பரில், அமெரிக்க டி.வி.யில் 'ஸ்டார் ட்ரெக்' ஆரம்பித்தது. கேப்டன் கிர்க்கை ஹார்ன்ப்ளோயரை மனசில் வைத்துத்தான் உருவாக்கினார் ஜீன் ராடன்பெரி. ஃபாரஸ்டர் விட்டுப்போன இடத்துக்கு ஆள் தேடிய அமெரிக்கப் பதிப்பாளர் பிடித்த பேட்ரிக் ஓ'ப்ரையன், 1969ல் 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' எழுதி இன்னொரு இருபது நாவல் ராஜ்ஜியத்தை ஆரம்பித்தார். 2020ல் டாம் ஹேங்க்ஸ் தானே திரைக்கதை எழுதி நடித்த 'கிரேஹவுண்ட்' படம்கூட ஃபாரஸ்டரின் 'தி குட் ஷெப்பர்ட்' (1955) நாவல்தான். நீர்மூழ்கிகள் துரத்துகிற அட்லாண்டிக்கில், தூக்கமில்லாமல், சூடான காபிகூடக் குடிக்க நேரமில்லாமல், முடிவு மேல் முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிற தனி ஆள் கதை. வேறென்ன எழுதுவார்!

படிக்கிறதென்றால் எதில் ஆரம்பிப்பது? ஹார்ன்ப்ளோயரின் வயசு வரிசையில் படி என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேராக 'தி ஹேப்பி ரிட்டர்ன்'. அமெரிக்கப் பதிப்பில் அதற்கு 'பீட் டு குவார்ட்டர்ஸ்' என்று பெயர். இரண்டும் வேறு வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் கப்பலின் பாகங்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்து மிரட்டும். புரியாவிட்டால் தாண்டிப் போங்கள். ஏழு மாசமாகக் கரை பார்க்காத ஒரு மனுஷன், தான் போட்ட கணக்கு சரிதானா, அடுத்த சில மணி நேரத்தில் கரை தெரியுமா, தெரியாவிட்டால் மாலுமிகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று உள்ளே செத்துப் பிழைத்துக்கொண்டு, வெளியே ஒன்றுமே நடக்காத மாதிரி மேல்தளத்தில் நடந்துகொண்டிருப்பார். அவரைப் பிடித்துக்கொண்டே போங்கள்.